ஐந்து வண்டி அனுமதியும் ஆறாவது வண்டியும்: சிறு காரவன் தளங்கள் பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்தில் பண்ணைகளை ஒட்டி இயங்கும் சிறு காரவன் (உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி) தளங்களில், அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிக வண்டிகள் நிற்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். வேல்ஸ், ஸ்காட்லாந்து விதிகள் சில இடங்களில் மாறுபடும் என்பதால் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (நார்ஃபோக்): ஐயா, ஐந்து வண்டிகளுக்கு மட்டும் சான்றிதழ் பெற்ற தளத்தில் தங்கியிருந்தோம். நீண்ட வார விடுமுறை என்பதால் சனிக்கிழமை மாலைக்குள் எட்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. இது சட்டப்படி சரிதானா?

பதில்: 1960ஆம் ஆண்டின் காரவன் தளச் சட்டப்படி, மனிதர் தங்குவதற்காக ஒரு நிலத்தில் காரவன் நிறுத்தவேண்டுமானால் பொதுவாக உள்ளாட்சிக் கவுன்சிலின் தள உரிமம் தேவை, அதற்கு முன்பே நிலத்தை அப்படிப் பயன்படுத்தத் திட்டமிடல் அனுமதியும் இருக்கவேண்டும். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை சில விலக்குகளைத் தருகிறது. விலக்குப் பெற்ற ஓர் அமைப்பு, தன் உறுப்பினர்களின் பொழுதுபோக்குக்காக ஒரு நிலத்துக்குச் சான்றிதழ் வழங்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. 1907இல் தொடங்கிய காரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் வழங்கும் 'சி.எல்.' (சர்டிஃபிகேட்டட் லொகேஷன்) தளங்களும், 1901இல் தொடங்கிய கேம்பிங் அண்ட் காரவனிங் கிளப் வழங்கும் 'சி.எஸ்.' (சர்டிஃபிகேட்டட் சைட்) தளங்களும் இந்த வழியில் வந்தவையே. ஒரே சமயத்தில் ஐந்து காரவன்களுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது அந்த விலக்கின் நிபந்தனை.

பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்: ஆறாவது வண்டி உள்ளே வந்தால் அந்த ஒரு வண்டி மட்டும் விதிமீறல் ஆவதில்லை. ஐந்துக்குள் இருக்கும்வரைதான் விலக்கு. அதைத் தாண்டினால் விலக்கே நிற்காது, முறையாக முன்பதிவு செய்து வந்த உங்கள் வண்டியும் உரிமமில்லாத தளத்தில் நிற்பதாகிவிடும். திட்டமிடல் விண்ணப்பமும் கவுன்சில் உரிமமும் இல்லாமல் ஒரு விவசாயி தளம் நடத்தச் சட்டம் இடம் கொடுப்பது அந்த ஐந்தை நம்பித்தான்.

ஆயினும் எண்ணிப் பார்த்தவுடனே குற்றம் சாட்டிவிடாதீர்கள். பக்கத்து வயலுக்கு உரிமையாளர் தனியாகத் திட்டமிடல் அனுமதியும் உரிமமும் வாங்கியிருக்கலாம். ஆளில்லாமல் வெறுமனே நிறுத்திவைத்த வண்டிகள் 'தங்குவதற்காக நிறுத்தியவை' என்ற கணக்கில் வாரா. அவற்றைச் சேமித்துவைப்பதற்கு வேறு அனுமதி தேவைப்படலாம், அது தனி விஷயம். உரிமத்தையோ சான்றிதழையோ காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள், வாய்வார்த்தையை ஏற்காதீர்கள்.

கேள்வி (கென்ட்): மோட்டார்ஹோமும் ஐந்தில் ஒன்றாகக் கணக்கிடப்படுமா?

பதில்: ஆம். தங்குவதற்கென வடிவமைத்த மோட்டார் வாகனமும் 1960 சட்டத்தின் வரையறையில் காரவன்தான்.

கேள்வி (சஃபோக்): எங்களுடையது மிகச் சிறிய கேம்பர்வேன் (வேனையே தங்குமிடமாக்கிய வண்டி). அதுவுமா?

பதில்: மேலே கென்ட் உறுப்பினருக்குச் சொன்னதைப் பாருங்கள். அளவு பொருட்டல்ல.

கேள்வி (டெர்பிஷயர்): நாங்கள் தங்கிய தளத்தில் ஐந்து காரவன்களுடன் ஏழு கூடாரங்களும் இருந்தன.

பதில்: அது சி.எஸ். தளமாக இருந்தால், இடவசதியைப் பொறுத்துப் பத்துக் கூடாரங்கள் வரை கூடுதலாக அனுமதி உண்டு. விதிமீறல் அல்ல.

கேள்வி (லிங்கன்ஷயர்): எனக்கு ஏழு ஏக்கர் நிலம் உள்ளது. எந்தச் சங்கத்தின் சான்றிதழும் இல்லாமல், 28 நாள் விதிப்படி ஐந்து வண்டிகளை நிறுத்தலாமா?

பதில்: இரண்டு விலக்குகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்து ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள நிலத்தில், பன்னிரண்டு மாதத்தில் 28 நாட்கள் வரை, ஒரே சமயத்தில் மூன்று காரவன்கள் நிற்கலாம், ஐந்து அல்ல. அந்த 28 நாட்களும் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக வருவதில்லை. ஏதேனும் ஒரு காரவன் நின்ற நாட்களின் மொத்தம் அது. உங்கள் வசமுள்ள அடுத்த வயலும் அதே கணக்கில் சேரும் என்பதால், வேலிக்கு அந்தப் பக்கம் நகர்த்தினால் கணக்குப் புதிதாகத் தொடங்காது.

கேள்வி (டெவன்): 60 நாள் விதி வந்தபிறகு 50 இடங்கள் வரை அனுமதி என்கிறார்களே? எங்கள் பக்கத்துத் தளத்துக்காரர் அதைச் சொல்லித்தான் காரவன்களை நிரப்புகிறார்.

பதில்: ஆண்டில் 60 நாட்கள் வரை திட்டமிடல் விண்ணப்பமின்றித் தளம் நடத்த 2023 ஜூலையில் வந்த அந்த அனுமதி கூடாரங்களுக்கும் கேம்பர்வேன்களுக்கும் மட்டுமே. இழுத்துவரும் காரவன்களுக்கு அது பொருந்தாது. கழிப்பறைக்கும் கழிவு அகற்றலுக்கும் தளத்திலேயே ஏற்பாடு இருக்கவேண்டும். ஆண்டுதோறும் தள வரைபடத்துடனும் தேதிகளுடனும் கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்.

மறுப்பு (சாமர்செட்): மோட்டார்ஹோமும் காரவன்தான் என்று முன்பு சொன்னீர்கள். இப்போது ஒன்றுக்கு அனுமதி உண்டு, மற்றதற்கு இல்லை என்கிறீர்கள். முரண்படுகிறதே?

பதில்: முரண் இல்லை, சட்டங்கள் இரண்டு. 2023 விதி திட்டமிடல் அனுமதியைப் பற்றியது. அது கேம்பர்வேனை ஏற்று, இழுத்துவரும் காரவனை விட்டுவிட்டது. தள உரிமம் 1960 சட்டத்தின் கீழ் வருவது; அங்கே இரண்டும் காரவன். ஆகவே 60 நாள் அனுமதியை நம்பிக் கேம்பர்வேன்களை ஏற்பவரும், உரிமம் வேண்டுமா என்று கவுன்சிலின் உரிமப் பிரிவிடம் எழுத்தில் பதில் வாங்கவேண்டும். தொலைபேசியில் யாரோ 'பரவாயில்லை' என்றது எதற்கும் உதவாது.

மறுப்பு (அதே உறுப்பினர்): சரி, சட்டத்தை விடுங்கள். கொட்டும் மழையில், குழந்தைகளோடு இரவு ஒன்பது மணிக்கு ஒரு குடும்பம் வந்து நின்றால் ஆறாவதாக ஏற்றுக்கொள்வது மனிதாபிமானம் இல்லையா? ஒரு வண்டியால் என்ன கெட்டுவிடும்?

பதில்: அந்தக் குடும்பத்தின் மீது எனக்கும் அக்கறை உண்டு, அதனால்தான் சொல்கிறேன். வெவ்வேறு குடும்பங்களின் வண்டிகளுக்கு நடுவே ஆறு மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது தீப்பரவலைத் தடுக்க வைத்த அளவு. ஒவ்வொரு வண்டியிலும் எரிவாயு சிலிண்டர் இருக்கிறது. ஐந்து வண்டிகளுக்கு அளந்த வயலில் ஏழு நின்றபோது நான் பார்த்தது இது: ஒருவரின் முன்கூடாரக் கயிறு அடுத்தவரின் சிலிண்டர் பெட்டிமேல் கிடந்தது, இரண்டுக்கும் நடுவே நான் அகலக் கால் வைத்தால் மூன்றடி. கழிவுத் தொட்டிக்கும் இதே நிலைதான். சிறு பண்ணைகள் பலவற்றில் இரசாயனக் கழிப்பறைப் பெட்டிகளைக் கொட்டும் துளை, வீட்டுச் செப்டிக் டேங்கிலேயே போய்ச் சேர்கிறது. அந்தப் பெட்டிகளில் ஊற்றும் நீல இரசாயனத் திரவம் அளவுக்கு மீறிப் போனால், கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செத்து, தொட்டி பொங்கி ஓடைவரை போகும். மழையில் வந்தவர்களுக்கு அடுத்த தளத்தைத் தொலைபேசியில் விசாரித்து வழிகாட்டுவதும் மனிதாபிமானமே. தவிர, 'ஆறாவது குடும்பம்' என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் முன்பணம் வாங்கிச் செய்த முன்பதிவுகள்.

கேள்வி (யார்க்‌ஷயர்): பத்து ஆண்டுகள் யாரும் புகார் செய்யாவிட்டால் கூடுதல் எண்ணிக்கை சட்டபூர்வமாகிவிடுமா?

பதில்: நிலப்பயன்பாடு பத்து ஆண்டுகள் தொடர்ச்சியாக நடந்ததை நிரூபித்தால் திட்டமிடல் நடவடிக்கையிலிருந்து தப்பலாம். விடுமுறைக்கு விடுமுறை மட்டும் நிரம்பும் வயல் தொடர்ச்சி என்று காட்டுவது கடினம்.

கேள்வி (எசெக்ஸ்): எங்கள் மோட்டார்ஹோம் ஐந்தில் சேருமா?

பதில்: சேரும். கேள்வி அனுப்புமுன் மேலே உள்ளவற்றைப் படிக்கும்படி அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (நார்ஃபோக், முதல் உறுப்பினர்): உரிமையாளர் ஆவணம் எதுவும் காட்ட மறுத்துவிட்டார். இனி யாரிடம் சொல்வது?

பதில்: முதலில் சான்றிதழ் வழங்கிய சங்கத்தின் தளப் பிரிவுக்குத் தேதி, நேரம், வண்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுடன் எழுதுங்கள். சான்றிதழ் அதிகபட்சம் ஓராண்டுக்கே செல்லும். அதை விலக்கிக்கொள்ளும் அதிகாரமும் சங்கத்துக்கு உண்டு. பதில் வராவிட்டால் கவுன்சிலின் திட்டமிடல் அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள். மற்ற விருந்தினர்களின் முகமோ வண்டி எண்ணோ தெரியும் படங்களைப் பொதுவில் வெளியிடாதீர்கள்.

கேள்வி (ஷ்ரோப்ஷயர்): என் தளத்துக்கு ஆண்டு முழுவதும் தேவை இருக்கிறது. முறையாகப் பன்னிரண்டு வண்டிகளுக்கு உயர்த்த என்ன வழி?

பதில்: திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள், கிராமச் சாலையின் அகலம், கழிவுநீர், நிலத்தோற்றம் ஆகியவை அங்கே கேள்வியாகும். அனுமதி கிடைத்துவிட்டால், முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் உங்கள் தள உரிமம் எதுவும் இரத்தாகியிராதவரை, கவுன்சில் உரிமத்தை மறுக்க முடியாது, நிபந்தனைகளை விதிக்கலாம். உரிமம் கைக்கு வரும்வரை ஆறாவது முன்பதிவுக்குப் பணம் வாங்காதீர்கள்.