கடற்பறவையின் இரை என்ன? ஆய்வு முறைகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: நீர்க்காகம் கக்கிய, செரிக்காத மிச்சம் அடங்கிய உருண்டைகளை மட்டும் வைத்து அதன் உணவைக் கணக்கிடலாமா?

பதில்: என்னென்ன மீன் என்பதற்கு அவை நல்ல சான்று, எவ்வளவு என்பதற்கு அரைகுறைச் சான்று. உருண்டையில் கிடைக்கும் செவிக்கல்லின் (மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்) வடிவம் மீனின் இனத்தைச் சொல்லும், நீளம் மீனின் அளவைச் சொல்லும். ஆனால் செவிக்கல் சுண்ணாம்புப் பொருள். இரைப்பை அமிலம் அதை அரிக்கும். சிறு மீனின் கல் முழுக்கக் கரைந்து கணக்கிலேயே வராமல் போகும். பெரிய மீனின் கல் தேய்வதால் மீன் சிறியதாகத் தெரியும். விளிம்பு மழுங்காத கற்களை மட்டும் அளவெடுங்கள்.

சளி உறை காயாத உருண்டைகளைத் தனித்தனிப் பையில் போட்டு உறையவையுங்கள். பிறகு நொதி கலந்த சலவைத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசுங்கள். இடது, வலது கற்களைப் பிரித்து எண்ணினால், கூடுதலாக உள்ள பக்கமே குறைந்தபட்ச மீன் எண்ணிக்கை. ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடவே கூடாது. நாளாக ஆக அது அமிலமாகி மிச்சக் கல்லையும் கரைத்துவிடும்.

கேள்வி: அல்பட்ராஸ் வயிற்றில் கணவாய் அலகுகளே அதிகம். அது கணவாயை நம்பியே வாழ்கிறதா?

பதில்: அவசரப்பட வேண்டாம். மீன் சதை சீக்கிரம் செரிக்கும்; கைட்டின் என்ற கடினப் பொருளால் ஆன கணவாய் அலகு வாரக்கணக்கில் தங்கும். சதை ஒட்டியிருக்கும் புதிய அலகுகளைத் தனியே எண்ணுங்கள்.

கேள்வி: பென்குயினின் இரைப்பையை நீர் செலுத்திக் கழுவுவது ஆபத்தா?

பதில்: பயிற்சி இல்லாத கையில் ஆபத்துதான். வழவழப்பாக்கிய மென்குழாயை உணவுக்குழாயில் இறக்கி, வெதுவெதுப்பான நீரை வாயில் வழியும் வரை செலுத்தி, பறவையை வாளிக்கு மேல் தலைகீழாகப் பிடிப்பார்கள். குழாய் தவறி மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரலில் நீர் புகும். குளிர்நீர் உடலை நடுங்கவைக்கும். குஞ்சுக்கு வந்த உணவும் பறிபோகிறது. அதனால் ஒரே பறவையை மறுபடி பிடிக்கக் கூடாது. வேறு வழி இருக்கும்போது இதைத் தொடாதீர்கள்.

கேள்வி: மலத்திலிருந்து டிஎன்ஏ எடுப்பதா, ஐசோடோப்பு பார்ப்பதா?

பதில்: இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்பவை. டிஎன்ஏ கடைசியாகத் தின்ற சில வேளை உணவின் பெயரைச் சொல்லும். ஜெல்லிமீன் போன்று எலும்பில்லாத இரையையும் காட்டும். ஆனால் டிஎன்ஏ வரிசைகளின் விகிதத்தைத் தின்ற இரையின் எடை விகிதமாகப் படிக்கக் கூடாது. பறவை தின்ற மீனின் வயிற்றில் இருந்த இறாலும் பட்டியலில் ஏறிவிடும். வெள்ளையான யூரிக் அமிலம் டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். ஈரம் காயாத மலத்தின் கருமையான பகுதியை, தரையில் படாத மேல்பக்கத்திலிருந்து எடுத்து எத்தனாலில் போடுங்கள்.

ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணு வகை. அவற்றுள் ஒன்றான நைட்ரஜன்-15-இன் அளவு உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏற ஏறச் சுமார் 3–4 ‰ (ஆயிரத்தில் 3–4 பங்கு) கூடும். இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா சில நாட்களின் உணவைக் காட்டும், சிவப்பணு சில வாரங்களுடையதை, இறகு அது முளைத்த காலத்தை. இனப்பெயர் இதில் கிடைக்காது. அடிப்படை அளவு கடலுக்குக் கடல் மாறுவதால், அந்தந்தக் கடலின் இரை மாதிரியும் வேண்டும்.

கேள்வி: பணம் குறைவு. ஆலாக்களின் கூட்டிடத்தில் எதைத் தொடங்கலாம்?

பதில்: கேமராவைத்தான். ஆலா இரையை அலகில் வெளியே தெரியக் கொண்டுவரும். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் இப்படிப் படமெடுத்தே ஆய்வு செய்திருக்கிறார்கள். பறவையின் அலகு நீளத்தையே அளவுகோலாக வைத்து மீனை அளக்கலாம். மீன் கேமராவுக்குப் பக்கவாட்டில் இருக்கும் படம் மட்டுமே உதவும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் எடுங்கள். இதில் தெரிவது குஞ்சுக்கும் துணைக்கும் வரும் மீன். தாய் கடலிலேயே விழுங்கியது படத்தில் வராது. அதற்கு மல மாதிரிகளையும் சேர்த்து வையுங்கள்.