பின் சீட்டைச் சுற்றி ஒளிந்திருக்கும் இடத்தில் எதை வைக்கலாம்?

கேள்வி: எங்களிடம் இருப்பது ஐந்து சீட் கொண்ட ஃபோர் வீல் டிரைவ் வண்டி. நான், மனைவி, ஏழு வயது மகள் மூவரும் அடிக்கடி காட்டுப் பாதைகளில் போய் நாள்கணக்கில் தங்குவோம். ஃபிரிட்ஜும் சமையல் சாமானும் வைத்த பிறகு டிக்கியில் கருவிகளுக்கு இடமே இல்லை. பின் கண்ணாடியை மறைக்கும் உயரத்துக்கு அடுக்க வேண்டியிருக்கிறது. பின் சீட்டுக்கு அடியிலும், பக்கவாட்டு பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னாலும் ஏராளமான இடம் சும்மா கிடப்பதாக நண்பர் சொல்கிறார். பேனலை வெட்டித் திறக்கலாமா? இரண்டாகப் பிரிந்த பின் சீட்டில் சின்ன பாகத்தை மட்டும் கழற்றிவிடலாமா?

பதில்: இடம் இருப்பது உண்மை. சும்மா கிடக்கிறது என்பதுதான் பாதி உண்மை. அங்கே ஏற்கெனவே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் நாம் சாமானை இறக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சின்ன சீட்டைக் கழற்றுவதும் உங்களுக்குப் பொருந்தும், ஆனால் நிபந்தனைகள் உண்டு. பேனலை வெட்டுவதைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அதுவரை போக வேண்டிய தேவையே வராது.

எதை அங்கே மாற்றுவது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். பலரும் சீட்டுக்கு அடியில் ஸ்வெட்டர், போர்வை, துண்டு என்று திணிக்கிறார்கள். வளைந்து கொடுக்கும், சுலபமாக உள்ளே போகும் என்பதுதான் காரணம். கனமான இரும்புச் சாமானோ டிக்கியின் கடைக்கோடியில் உட்கார்ந்திருக்கும். இது தலைகீழாக இருக்க வேண்டும். பின் சீட் இருப்பது முன், பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) இரண்டுக்கும் நடுவில், தரைக்குக் கிட்டே. அங்கே வைத்த எடையை நான்கு சக்கரமும் பகிர்ந்துகொள்ளும். டிக்கியின் கடைசியில் வைத்த எடை பின் ஆக்ஸிலுக்கு வெளியே தொங்குவதால் வண்டியின் மூக்கைத் தூக்கும், முன் சக்கரங்களின் பிடியைக் குறைக்கும். ஆகவே ஸ்பானர்கள், இழுவைப் பட்டை, அதை வண்டியோடு மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள், பஞ்சர் கிட், சின்ன கம்ப்ரசர் எல்லாம் சீட்டுக்கு அடியில். போர்வை டிக்கியில்.

சரி, மெத்தையைத் தூக்குங்கள். சில வண்டிகளில் ஒரு பட்டையை இழுத்தால் மெத்தை முன்பக்கம் மடிந்துவிடும். சிலவற்றில் முன் ஓரத்தில் இருக்கும் கிளிப்பை விடுவித்துத் தூக்க வேண்டும். டபுள் கேப் பிக்கப்புகளில் பெரும்பாலும் மெத்தை மேல்நோக்கி எழுந்து நிற்கும். கீழே ஜாக்கியோ அதன் கைப்பிடியோ இருக்கலாம், வயரிங் கட்டு கட்டாயம் ஓடும். கம்பளத்துக்கு அடியில் நாலைந்து ஸ்க்ரூ போட்ட ஒரு வட்டத் தகடு தென்பட்டால், அநேகமாக அது எரிபொருள் பம்ப்பின் மூடி. அதன் மேல் எதையும் நிரந்தரமாகப் பொருத்தாதீர்கள். பம்ப் கெட்டுப்போகும் நாளில் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும். ஹைபிரிட் வண்டி என்றால் இன்னும் கவனம். பேட்டரியைக் குளிர்விக்கக் காற்றை உள்ளிழுக்கும் துளை பின் சீட்டின் ஓரத்திலோ அடியிலோ இருப்பதுண்டு. ஒரு துணிப்பை அதை அடைத்தாலே பேட்டரி சூடாகும்.

மெத்தையை மூடிய பிறகு உள்ளே எவ்வளவு உயரம் மிஞ்சுகிறது என்று கண்ணால் கணக்குப் போட முடியாது, ஏனென்றால் ஆள் உட்கார்ந்ததும் ஸ்பாஞ்ச் அமுங்கும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எடுத்து நாலைந்து உருண்டைகள் பிடியுங்கள். உள்ளே வைத்த சாமானின் மேல் அங்கங்கே ஒட்டுங்கள். மெத்தையை மூடி, பூட்டு விழும் சத்தத்தைக் கேட்டபின், கனமான ஒருவரை உட்காரவைத்து இரண்டு தடவை குலுங்கச் சொல்லுங்கள். திறந்து பார்த்தால் உருண்டை எங்கே அப்பளமாகத் தட்டையாகியிருக்கிறதோ, அங்கே சாமான் முட்டுகிறது என்று அர்த்தம். விரல் பருமனாவது மிச்சமிருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று ஸ்பாஞ்சை அடியில் செதுக்குபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. மோதலில் உடம்பு இடுப்புப் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகாமல் தடுப்பதில் மெத்தையின் முன்பக்க மேட்டுக்கும் பங்கு உண்டு.

இந்த இடத்துக்கு டூல் பாக்ஸ் சரிப்படாது. மூலைகளில் பாதி இடம் வீணாகும், சத்தமும் கேட்கும். கேன்வாஸ் சுருளில் ஸ்பானர்களைத் தனித்தனி மடிப்பில் செருகி, தட்டையாகப் பரப்பிக் கட்டுங்கள். சுருளைத் தரையோடு பட்டை போட்டு இறுக்குவதும் முக்கியம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி முக்கால் மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருப்பவை தங்கள் எடையைப் போல் சுமார் 13 மடங்கு விசையோடு முன்னால் பாயும். கட்டாமல் விட்ட 3 கிலோ ஷேக்கிள், ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பாயும்.

அடுத்தது சீட் முதுகுக்குப் பின்னால். சாய்ந்த முதுகுக்கும் டிக்கியில் இருக்கும் செங்குத்தான பெட்டிக்கும் நடுவே முக்கோணமாக ஒரு சந்து கிடைக்கும். தண்ணீர்ப் பை வைக்க இதைவிட நல்ல இடம் வண்டியில் கிடையாது. பை அந்த வடிவத்துக்கே படிந்துகொள்ளும். 20 லிட்டர் என்றால் 20 கிலோ, அதையும் பட்டையால் கட்டத்தான் வேண்டும். குழந்தை சீட்டின் மேல் பட்டையை மாட்டும் கொக்கி சீட் முதுகின் பின்புறம் இருந்தால், அதைச் சாமான் கட்டும் கொக்கியாக ஆக்கிவிடாதீர்கள். அது குழந்தைக்கு மட்டும்.

இப்போது பக்கவாட்டு பேனல். தட்டிப் பார்த்தால் பானை மாதிரி ஒலிக்கும், ஆசையாக இருக்கும். ஆனால் வண்டியின் மாடலைப் பொறுத்து அதற்குள் சீட் பெல்ட்டைச் சுருட்டும் உருளை, பின்பக்க ஏசி, ஸ்பீக்கர், பின் விளக்குக்கான வயர்கள் எல்லாம் இருக்கலாம். எரிபொருள் நிரப்பும் குழாய் போகும் பக்கம் என்றால் துளை போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கீழ்மூலையில், பம்பருக்கு உட்புறமாக, ரப்பர் மடல்கள் கொண்ட காற்றுவழி ஒன்றும் பல வண்டிகளில் உண்டு. கதவைச் சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதை அடைத்தால் கதவு சாத்தக் கஷ்டப்படும், கண்ணாடியில் பனி படியும். ஆழமான ஓடையைக் கடக்கும்போது அந்த வழியாகவே தண்ணீர் உள்ளே வரவும் கூடும். எனவே அங்கே வைப்பதை நீர் புகாத பையில் போட்டு வையுங்கள்.

பேனலில் ஏற்கெனவே சின்னக் கதவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜாக்கி அதற்குள் இருந்தால், அது தன் திருகாலேயே தாங்கிக்குள் இறுகி நிற்கும். திருகைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். திரும்ப வைக்கும்போது கையால் ஆட்டி அசையாத வரை திருகை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வழிநெடுக ‘டொக் டொக்’தான். ஜாக்கியைச் சுற்றி மிஞ்சும் சந்தில் கயிறு, நிழல்துணி, மாற்று ஹோஸ் மாதிரி எடையில்லாதவற்றைச் செருகலாம். இரும்பு வேண்டாம், பேனலைத் தாங்குவது வெறும் பிளாஸ்டிக் கிளிப்புகள். அப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பேனலை முழுதாகக் கழற்றி, உள்ளே போட்டோ எடுத்து, அட்டையில் அச்சு வெட்டி வைத்துப் பார்த்தபின் வெட்டுங்கள். பேனலை மூடி வைத்துக்கொண்டு மேலிருந்து வெட்டுவது குருட்டு வேலை. கர்ட்டன் ஏர்பேக் (மோதலில் பக்கக் கண்ணாடியை மறைத்துத் திரைபோல் விரியும் காற்றுப்பை) இருக்கும் வண்டியில் கூரை ஓரத்தையும் தூண்களின் உறையையும் தொடாதீர்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அதோடு நிறுத்திவிட்டு, ஏர்பேக் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சின்ன சீட்டைக் கழற்றுவதுதான் உங்கள் பிரச்சினைக்குப் பெரிய தீர்வு. மூன்று பேர்தான் போகிறீர்கள். கழற்றிய இடத்தில் ஒரு மேடை போட்டு ஃபிரிட்ஜை அங்கே மாற்றினால், பக்கக் கதவைத் திறந்தே எடுக்கலாம். டிக்கியும் பாதி காலியாகும், பின் கண்ணாடியும் தெரியும். ஆனால் சில விஷயங்களை முதலில் பாருங்கள். நடு சீட்டின் பெல்ட் பக்கிள் சில வண்டிகளில் சின்ன பாகத்தோடு சேர்ந்து வந்துவிடும். மகள் பெரிய பாகத்தின் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதிப்பில்லை. சீட்டிலேயே பக்க ஏர்பேக்கோ பெல்ட் சென்சாரோ இருந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், அதை மெக்கானிக்தான் தீர்க்க வேண்டும். சீட் எண்ணிக்கையைக் குறைத்தால் பதிவிலும் காப்பீட்டிலும் சொல்ல வேண்டுமா என்று உங்கள் ஊர் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், சீட் முதுகு இல்லாத பக்கத்தில் சாமானுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே சுவரே கிடையாது. டிக்கிச் சாமான் முன்னால் பாயாமல் தடுக்கும் கம்பிவலையை முன் சீட்டுக்குப் பின்னால் வரும்படி நகர்த்த முடியாவிட்டால் சீட்டைக் கழற்ற வேண்டாம். மகள் பக்கமாக ஃபிரிட்ஜ் சரியாமல் இருக்க மேடையில் ஒரு பக்கத் தடுப்பும் வேண்டும். மேடையைத் தகரத் தரையில் ஸ்க்ரூ அடித்து நிறுத்தாமல், சீட்டின் பழைய போல்ட் துளைகளிலேயே, கம்பெனி போல்ட்டையே போட்டு இறுக்குங்கள். மேடைக்கு அடியில் மிஞ்சும் இடத்தில் தாழ்வான ஒரு டிராயர் வரும்.

ஒளிவிடத்தில் வைக்கக் கூடாதவையும் உண்டு. முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், டார்ச் மூன்றும் கைக்கு எட்டும் இடத்தில் வெளியே இருக்கட்டும். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும்போது யாரும் மெத்தையைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது. கேஸ் சிலிண்டர், பெட்ரோல், ஸ்பிரே டப்பா, பவர் பேங்க் எதுவும் சீட்டுக்கு அடியில் வேண்டாம். வெயிலில் பூட்டி நிற்கும் வண்டியின் சூடு அவற்றுக்கு ஆகாது.

முதல் கரடுமுரடான பயணம் முடிந்ததும் மேடையின் போல்ட்களை டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) மறுபடி சரிபாருங்கள், இறுக்க வேண்டிய அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். கழற்றிய சீட்டின் கிளிப், மூடி, மிச்ச போல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அந்தச் சீட்டோடேயே கட்டி வீட்டில் வைத்துவிடுங்கள்.