பழைய கேம் மெஷின்கள் இன்றைக்கும் தாக்குப்பிடிக்குமா? கேள்வி பதில்

பழைய கன்சோல்களை வாங்கிக் கழற்றி, சாலிடர் வைத்து, மறுபடி ஓட வைப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. கேட்டவர்களுக்கு என் அனுபவத்தில் இருந்து பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, பையனுக்கு எட்டு வயது. பழைய கேம்களில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

யோசிக்கவே வேண்டாம், 16-பிட் காலம். சேகா மெகா டிரைவ் 1988-லும் சூப்பர் நின்டெண்டோ 1990-லும் ஜப்பானில் வந்தன. அதற்குள் 2டி படம் போடுகிற கை நன்றாகத் தேறிவிட்டது. பட்டனைத் தொட்டதும் ஆள் குதிக்கிறான், லோடிங் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அக்கா மகளுக்கு முதல் சோனிக் கேமைப் போட்டுக் கொடுத்தேன். கிராஃபிக்ஸ் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. “இதுல சேவ் எங்க மாமா?” என்றுதான் கேட்டாள். அதில் சேவே கிடையாது!

பிளேஸ்டேஷன் 1 கேம்களில் சுவர், தரை எல்லாம் ஏன் நடுங்குகிறது? சின்ன வயதில் இப்படித் தெரியவில்லையே?

அப்போதும் நடுங்கியது தம்பி, நாம்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். 1994-இல் வந்த அந்த மெஷின் 3டி உருவத்தின் ஒவ்வொரு மூலையையும் முழுப் பிக்சலில்தான் வைக்கும், பாதிப் பிக்சல் அதற்குத் தெரியாது. கேமரா மெதுவாக நகரும்போது ஒரு மூலை இப்போது தாவும், பக்கத்து மூலை கொஞ்சம் கழித்துத் தாவும். சுவர் துணி மாதிரி அலைகிறது. இன்னொன்று, சுவரில் படத்தை ஒட்டும்போது தூரத்தை அது கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் காலடியில் இருக்கிற டைல்ஸ் கோடு வளைந்து நெளிகிறது.

1996-இல் வந்த நின்டெண்டோ 64 இந்த இரண்டையும் சரிசெய்தது. ஆனால் அதில் டெக்ஸ்சருக்கு, அதாவது சுவரில் ஒட்டுகிற படத்துக்கு, ஒதுக்கிய இடம் வெறும் 4 கேபி. தபால்தலை அளவுப் படத்தை இழுத்துச் சுவர் முழுக்கப் பூசினால் எப்படி இருக்கும்? அங்கே நடுக்கம், இங்கே மூட்டம்.

என்னைக் கேட்டால் கண்ணைவிட விரல்தான் அதிகம் கஷ்டப்படுகிறது. இரண்டு ஸ்டிக் வைத்த கண்ட்ரோலரை சோனி 1997-இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய 3டி கேம்களில் கேமராவோடு மல்லுக்கட்டியே பாதி நேரம் போகும். அதே பிளேஸ்டேஷனில் 2டி-யாகச் செய்த ‘காசில்வேனியா: சிம்ஃபனி ஆஃப் தி நைட்’ இன்றைக்கும் பளிச்சென்று நிற்கிறது.

கம்ப்யூட்டரில் பழைய கேமை ஓடவிடுகிற எமுலேட்டர் புரோகிராமில் அந்த நடுக்கத்தை நிறுத்தலாமாமே?

நிறுத்தலாம். நானும் செய்து பார்த்தேன், சுவர் நேராக நின்றது. பத்து நிமிஷத்தில் என்னவோ போல ஆகி, மறுபடி நடுக்கத்தையே போட்டுக்கொண்டேன்.

55 இன்ச் எல்இடி டிவியில் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரில் மாட்டினேன். படம் கலங்கலாக இருக்கிறது, பட்டன் அழுத்தினால் லேட்டாகக் கேட்கிறது. மெஷின் போச்சா சார்?

மெஷின் நன்றாகத்தான் இருக்கும், டிவிக்குத்தான் குழப்பம். அந்தக் காலக் கேம் பெரும்பாலும் 240 வரியில் படம் அனுப்பும். பல புது டிவிகள் அதை 480 வரியின் பாதி என்று நினைத்து, இரண்டு இரண்டாகச் சேர்த்துப் பெரிதாக்கப் பார்க்கும். தாமதம் அங்கேதான். டிவி செட்டிங்கில் கேம் மோட் போட்டால் ஓரளவு குறையும். பழைய படத்தைப் புது டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற ரெட்ரோ ஸ்கேலர் பெட்டி வாங்கினால் நல்லது. இடம் இருந்தால் பழைய குண்டு டிவியே போதும்.

சோனிக் கேமில் வருகிற அருவியைக் கவனித்திருக்கிறீர்களா? உண்மையில் அது ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்ட கோடுகள். மட்டமான வயரும் பழைய டிவியும் அவற்றைக் கலந்து தண்ணீராகக் காட்டின. புது டிவியில் துல்லியமாகப் பார்த்தால் ஜன்னல் கம்பி மாதிரி தெரியும்.

பழைய டிவி கேமில் வாத்து சுடும் துப்பாக்கி புது டிவியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை கறுத்து, அடுத்து வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத் தேடும். எல்இடி டிவியில் அது நேரத்துக்கு வந்து சேராது.

பரணில் என் பழைய டிவி கேமும் ‘9999 இன் 1’ கேசட்டும் கிடைத்தன. ஊதிப் போட்டால் ஓடுமா?

ஊதாதீர்கள்! எச்சில் ஈரம் பட்டுப் பட்டு கேசட்டின் உலோகப் பின்கள் அரித்துப்போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், முதல் தடவை பஞ்சு கறுப்பாக வரும். நம் ஊரில் விற்ற அந்த மெஷின்கள் பெரும்பாலும் 1983-இல் வந்த நின்டெண்டோ மெஷினான ஃபேமிகாமின் நகல். 9999 கேம் என்பதெல்லாம் கதை. சில டஜன் கேம்களையே வேறு வேறு லெவலில் தொடங்கவிட்டு எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள்.

சேவ் ஆகிற ஒரிஜினல் கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பலவற்றுக்குள் பட்டன் பேட்டரி இருக்கும். அது தீர்ந்திருந்தால் கேம் ஓடும், சேவ் நிற்காது. மாற்றலாம், ஆனால் கழற்றும்போது பழைய சேவ் போய்விடும்.

பிஎஸ்2, அதாவது பிளேஸ்டேஷன் 2, வாங்கலாமா?

வாங்குங்கள். 15 கோடிக்கு மேல் விற்ற மெஷின், பிஎஸ்1 டிஸ்க்கும் ஓடும். டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸை மட்டும் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எக்ஸ்பாக்ஸ் 360, நின்டெண்டோ வீ எல்லாம் புதுசுதானே, அதில் பிரச்சினை இருக்காதே?

எனக்குக் கவலையே அவற்றை நினைத்துத்தான். வீயின் ஆன்லைன் கேம் கடை 2019 ஜனவரியில் மூடியாச்சு. 360-இன் கடையை 2024 ஜூலை 29-இல் மூடினார்கள். டவுன்லோடாக மட்டும் வந்த கேமை அந்த மெஷினில் இனி புதிதாகக் காசு கொடுத்து வாங்க வழியில்லை. பழைய 360 வாங்கப் போனால் விலை பேசும் முன் மெஷினை ஆன் செய்து, ஹார்ட் டிஸ்க்கில் என்னென்ன கேம் இருக்கிறது, விற்பவரின் அக்கவுன்ட் இல்லாமலும் அவை திறக்கின்றனவா என்று பாருங்கள். தனி டிஸ்க்காகக் கையில் தருகிற கேம்களை மட்டும் கணக்கில் வைத்து விலை சொல்லுங்கள்.