கேளுங்க, சொல்றேன்: சக்கரத்துக்கு முதுகு காட்டாதே

கேள்வி: பையன் சென்னையில இன்ஜினியரிங் மூணாவது வருஷம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல சனி ஞாயிறு மார்ஷல் வேலைக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். கார் ஓட்டுறவனுக்காவது ஹெல்மெட், பெல்ட்டுன்னு இருக்கு. ஓரமா கொடியைப் புடிச்சிட்டு நிக்கிற புள்ளைக்கு என்ன இருக்கு? விடலாமா வேணாமா? (ஒரு அம்மா, மன்னார்குடி)

பதில்: நீங்க கேட்டது நூத்துக்கு நூறு சரிம்மா. ஓட்டுறவனைச் சுத்தி ஒரு காரே இருக்கு, மார்ஷலைச் சுத்தி வெறும் காத்துதான். கொடி காட்டுறது மட்டும் வேலை இல்ல, நின்னு போன காரைத் தள்ளி ஓரங்கட்டுறது, சிந்துன ஆயிலை மூடுறது, உடைஞ்ச துண்டைப் பொறுக்குறது, தீ புடிச்சா அணைக்கிற சிலிண்டரோட ஓடுறது எல்லாம் இவங்கதான், உலகம் பூரா பெரும்பாலும் சம்பளம் வாங்காத வாலண்டியர்ங்க.

1977 மார்ச் 5, தென்னாப்பிரிக்காவுல கயலாமி ட்ராக். ஒரு கார் மெயின் ஸ்ட்ரெய்ட் ஓரமா நின்னுடுச்சு, பின்னாடி லேசா தீ. எதிர்ப்பக்கம் நின்ன ரெண்டு மார்ஷல்ங்க யார்கிட்டயும் கேக்காம ட்ராக்கைக் குறுக்கால தாண்டி ஓடுனாங்க. அந்த இடம் மேடு, ஏறி வர்ற டிரைவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குன்னு தெரியாது. முதல் ஆள் தப்பிச்சிட்டார். ரெண்டாவது பையனுக்கு வயசு 19, கையில 18 கிலோ சிலிண்டர், 270 கிலோமீட்டர் வேகத்துல வந்த டாம் ப்ரைஸ்ங்கிற டிரைவரோட கார் அடிச்சு அங்கயே போயிட்டான். அந்த சிலிண்டர் தலையில பட்டு ப்ரைஸும் போயிட்டார். இத்தனைக்கும் அது சின்னத் தீ, அந்தக் காரை ஓட்டுனவருக்கு ஒண்ணும் ஆகல.

உங்க புள்ள வயசுதான் அந்தப் பையனுக்கும். தைரியத்துக்குக் குறைச்சலே இல்ல, போன்னு சொல்றதுக்கு முன்னாடி போயிட்டான், அவ்வளவுதான் கதை.

எங்க பெரியப்பா எங்க ஊர் தேருக்கு முட்டுக்கட்டை போடுறவர். ஆயிரம் பேர் வடம் புடிச்சிட்டுக் கத்துவாங்க, மேளம் காதைப் பொளக்கும், அவர் எதையும் பார்க்க மாட்டார், சாமியக்கூட பார்க்க மாட்டார். குனிஞ்சபடியே சக்கரத்தைப் பார்த்துக்கிட்டுப் பின்னாடியே நடப்பார், கட்டையைத் தள்ளுன கை அடுத்த நிமிஷம் வெளிய வந்துடும். ஒரே ஒரு வருஷம் யாரோ கூப்பிட்டாங்கன்னு திரும்பியிருக்கார், இடது கை கட்டை விரல்ல நகம் போச்சு, அப்புறம் முளைக்கவே இல்ல. சின்ன வயசுல நாங்க கூட நடந்தா "சக்கரத்துக்கு முதுகு காட்டாதடா"ன்னு அதட்டுவார். ரேஸ் மார்ஷலுக்கு முதல் நாள் சொல்லிக் குடுக்குறதும் அதேதான், வண்டி வர்ற திசைக்கு முதுகு காட்டாத. ஒருத்தன் குனிஞ்சு வேலை பார்த்தா இன்னொருத்தன் வர்ற வண்டியையே பார்த்துக்கிட்டு நிக்கணும், கத்துனா அடுத்த நொடி தடுப்புக்குப் பின்னாடி தாவணும்.

இன்னொண்ணு, மஞ்சள்லயோ சிவப்புலயோ சட்டை போட்டுக்கிட்டுப் போகக்கூடாது, தூரத்துலேர்ந்து வர்றவன் கொடின்னு நினைச்சிடுவான். நைலான், பாலியஸ்டரும் வேணாம், தீ பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும், பருத்திதான் நல்லது. மஞ்சள் கொடி ஒண்ணு ஆட்டுனா மெதுவா போ, முந்தாதேன்னு அர்த்தம். ரெண்டு மஞ்சளைச் சேர்த்து ஆட்டுனா ட்ராக் அடைச்சிருக்கு இல்ல ஆளுங்க இறங்கி வேலை பார்க்குறாங்க, நிறுத்தவும் தயாரா வான்னு அர்த்தம். அந்த ரெண்டாவது கொடிதாம்மா உங்க புள்ளைக்கான கவசம்.

விடுங்க, தாராளமா போகட்டும். ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ட்ரெயினிங் எத்தன நாள், முதல் தடவை அனுபவஸ்தர் யார் கூட நிக்க வெப்பாங்க, இன்சூரன்ஸ் உண்டா, ட்ராக்ல இறங்க யார் உத்தரவு குடுக்கணும்னு கேளுங்க, கடைசிக் கேள்விக்குத் தடுமாறுனான்னா இந்த வருஷம் வேணாம்னுடுங்க.

கேள்வி: இப்பல்லாம் எஃப் ஒன் கார்ல டயரைக் கயிறு போட்டுக் கட்டியிருக்காங்களாமே, அப்புறம் என்ன பயம்? (வாசகர், திருவையாறு)

பதில்: கட்டியிருக்காங்க, சாதாரணக் கயிறு இல்ல, பயங்கர உறுதியான நார். 1999லயே வந்துடுச்சு. அது வந்த பிறகுதான் 2000 செப்டம்பர்ல இத்தாலி மோன்சாவுல முதல் சுத்துலயே கார்ங்க மோதி, பிச்சுக்கிட்டு வந்த டயர் பட்டு பாவ்லோ ஜிஸ்லிம்பர்ட்டிங்கிற தீயணைப்பு மார்ஷல் செத்தார். ஆறு மாசம்கூட ஆகல, 2001 மார்ச்ல மெல்போர்ன்ல அதே கதை. அங்க வேலி பலமாதான் இருந்துச்சு, ஆனா மார்ஷல்ங்க உள்ள போய் வர ஒரு சந்து விட்டிருந்தாங்க, பறந்து வந்த டயர் சரியா அந்தச் சந்துல புகுந்து கிரகாம் பெவரிட்ஜுங்கிற 52 வயசுக்காரரை அடிச்சிடுச்சு. 2011லேர்ந்து ஒரு டயருக்கு ரெண்டு கட்டு போடணும்னு ஆக்கிட்டாங்க. நல்ல ஏற்பாடுதான், நான் இல்லேங்கல. அதுக்காக வேலிச் சந்துக்கு நேரா போய் நிக்கிறதா?

கேள்வி: ரேஸை நிறுத்திட்டு ஆளை இறக்க வேண்டியதுதானே, ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஏன்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: நிறுத்துனா நேரம் போகும், டிவிக்காரன் முணுமுணுப்பான், அதான். ஜப்பான் சுசூகாவுல 1994ல மழையில மார்ஷல்ங்க ட்ராக்டர் வெச்சு ஒரு காரை எடுத்துக்கிட்டு இருக்கும்போதே மார்ட்டின் ப்ரண்டில்ங்கிற டிரைவரோட கார் வழுக்கி வந்து, ட்ராக்டரைத் தப்பிச்சு ஒரு மார்ஷல் காலை உடைச்சிட்டுப் போச்சு. சரியா 20 வருஷம் கழிச்சு, 2014ல, அதே ட்ராக், அதே வளைவு, அதே மழை, அதே மாதிரி ட்ராக்டர். ஜூல்ஸ் பியாங்கிங்கிற டிரைவர் அதுக்கு அடியில போய் மோதி, 2015 ஜூலையில இறந்துட்டார். அந்த விபத்துக்கு அப்புறம்தான், எல்லா டிரைவரும் மெதுவாப் போயே ஆகணும்னு ஒரே நேரத்துல உத்தரவு போடுற விர்ச்சுவல் சேஃப்டி கார்ங்கிற ஏற்பாடு வந்துச்சு. காலு உடைஞ்சப்பவே யோசிச்சிருக்கலாம், என்னத்தைச் சொல்ல. இத்தனை வந்தும் 2025 மெக்சிகோ ரேஸ்ல லியம் லாசன்ங்கிற டிரைவர் வர்ற நேரத்துல ரெண்டு மார்ஷல்ங்க ட்ராக்கைத் தாண்டிக்கிட்டு இருந்தாங்க, மயிரிழைதான்.

ரேஸ் முடிஞ்சா நிம்மதின்னும் சொல்ல முடியாது. 2013ல கனடா மாண்ட்ரியல்ல எல்லாம் முடிஞ்ச பிறகு, நின்னு போன காரைக் கிரேன்ல தொங்கவிட்டு எடுத்துட்டுப் போறாங்க, கூட ஓடுன மார்ஷல் கையிலேர்ந்து வாக்கி டாக்கி விழுந்துச்சு, எடுக்கக் குனிஞ்சு தடுமாறினார், கிரேன் ஏறிடுச்சு.

(சிரிக்கவும் ஒண்ணு இருக்கு. 1995 ஹங்கேரியில டாக்கி இனோவேங்கிற டிரைவர், புகையிற தன் காரை அணைக்கத் தானே சிலிண்டரைத் தூக்கிட்டு ஓடினார், உதவிக்கு வந்த வண்டியே அவரைத் தட்டிடுச்சு. கால்ல அடியோட பொழச்சார்.)

கேள்வி: எங்க ஊர் காணும் பொங்கல் ரேக்ளாவுக்கு மார்ஷல் யாருங்க? (வாசகர், திருக்கடையூர்)

பதில்: வம்புல மாட்டி விடுறீங்களே. தரங்கம்பாடி ரோட்ல மாடு, குதிரை ரெண்டுக்கும் நான் வந்து நின்னிருக்கேன். வண்டியை விட அதைத் துரத்துற பைக்குங்களைப் பார்த்தாதான் எனக்கு வயித்தைக் கலக்கும். கயிறு கட்டி, ஊர்ப் பசங்க பத்துப் பேருக்கு விசிலும் ஆளுக்கொரு கொடியும் குடுத்து முந்நூறு அடிக்கு ஒருத்தனா நிறுத்துனாலே பெரிய விஷயம், பெரிய செலவும் இல்ல. ஒரு தடவை ஒருத்தர் தோள்ல குழந்தையை வெச்சுக்கிட்டு ரோட்டுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தார், பின்னாடி ஜோடி மாடு நுரை தள்ள வருது. சட்டையைப் புடிச்சு வாய்க்கால் பக்கமா இழுத்தேன். வண்டி போன பிறகு திரும்பி முறைச்சார், "யோவ், போட்டோ போச்சுய்யா"ன்னு.