சித்தப்பாவுக்கு இருந்த நோய் எனக்கும் வருமா?

தம்பி, அறை பிடிப்பது, பகுதிநேர வேலை, எத்தனை பெட்டி எடுத்துவரலாம் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய், வெளிநாடு வந்தால் எனக்கும் வந்துவிடுமா, மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா" என்று, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்கிசோஃப்ரினியா என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, இல்லாததை இருப்பதாக நம்பவைக்கும் மனநோய், அதுதான் மனச்சிதைவு.

பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள். இந்த நோய்க்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. 2022-ல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று 287 மரபணு இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் ஆபத்தைக் கூட்டுகிறது. உங்களுக்கு வருமா வராதா என்று அதைவைத்து யாராலும் சொல்ல முடியாது. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வருகிற நோய். சித்தப்பாவுக்கு இருந்தால் அது 2, 4 என்று ஆகலாம், அவ்வளவுதான். அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவர் தப்பிவிடுவதுதான் அதிகம்.

மரபணு போக மீதி ஆபத்து, வாழும் சூழலிலிருந்து வருவது. அங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் இடம்பெயர்வதும் அதில் ஒன்று. 1932-லேயே ஓடெகார்ட் என்ற நார்வே மருத்துவர், அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்களிடம் இந்த நோய் சொந்த நாட்டில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு என்று கணக்கெடுத்தார். நோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே உள்ளவர்கள்தான் கிளம்பிப் போகிறார்கள் என்பது அவர் விளக்கம். பிற்காலத்தில் சூரினாமிலிருந்து நெதர்லாந்து போனவர்களை ஆராய்ந்தவர்கள், மொத்த நாடே கிளம்பிவிட்டதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் ஆபத்து கூடுதலாகவே நின்றது. அப்படியென்றால் ஓடெகார்டின் விளக்கம் மட்டும் போதாது. ஆனாலும் "மனசு பலவீனமானவன்" என்று தீர்ப்புச் சொல்லும் பெரிய மனிதர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாய் திறக்காதீர்கள்.

நெதர்லாந்தின் ஹேக் நகரத்து ஆய்வொன்றைப் படித்தபோது எனக்கே குத்தியது. தன் இனத்தவர் நிறைய வாழும் பகுதியில் இருந்த குடியேறிகளைவிட, ஒன்றிரண்டு பேராகத் தனித்து வாழ்ந்தவர்களுக்குத்தான் நோய் அதிகம். நான் வந்த புதிதில் ஒருவர், "நம்ம ஆட்கள் பக்கமே போகாதே, அப்போதுதான் முன்னேறுவாய்" என்றார். கேட்டேன். ஆறே மாதத்தில் இந்த ஊர்க்காரர்களைப் போலவே பேசினேன், அதில் எனக்குப் பெருமை வேறு. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து அறைக்கு வந்தால், திங்கள் காலைவரை ஒரு வார்த்தை பேச ஆள் இருக்காது. திங்களன்று சொல்லும் முதல் வணக்கம் தொண்டையில் கரகரத்துத்தான் வெளியே வரும். அதே அறிவுரையை இன்றும் புதியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டு திரிபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் கஞ்சா. சட்டம் அனுமதிக்கிறது, நண்பர்கள் எல்லோரும் இழுக்கிறார்கள் என்பார்கள். மற்றவர்கள் எப்படியோ போகட்டும், நீங்கள் தொடாதீர்கள். ராணுவத்துக்குத் தேர்வான சுவீடன் இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1987-ல் வெளியிட்ட ஆய்வில், 50 தடவைக்கு மேல் புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு ஆபத்து ஆறு மடங்கு. ஆண்களுக்கு இந்த நோய் தலைகாட்டும் வயதும் பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிவரைதான். நீங்கள் விமானம் ஏறும் அதே வயது.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். என்னோடு அறையில் இருந்த பையன் இரவு வேலை, பகலில் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. தேர்வுப் பதற்றம் என்று நினைத்தோம். ஒரு நாள் விடிகாலை கண் விழித்தால், அவன் நாற்காலிமேல் ஏறி, கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவியின் பச்சை விளக்கின்மேல் காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தான். "நம் மூச்சை எண்ணுகிறது, அண்ணா" என்றான், மிகப் பொறுமையாக. எனக்குப் புரியவைக்க வேண்டுமே என்கிற பொறுமை அது. வெளியே தெரிந்தால் அவன் கல்யாணம் கெட்டுவிடும் என்று மூத்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஐந்து மாதம் மூடிமறைத்தோம். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் குணமாவது எளிது என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான்கு இரவு தூக்கம் போனாலோ, எல்லோரும் உங்களையே கவனிப்பதாகத் தோன்றினாலோ, நேரே மருத்துவரிடம் போய்ச் சித்தப்பாவைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அவன் இப்போது மாத்திரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறான், என்னைவிட அதிகச் சம்பளம். அந்த அறையை நாங்கள் காலி செய்த அன்றும் அந்தக் காகிதம் அங்கேயே ஒட்டியிருந்தது. அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி உரித்தெடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.