ரோமில் அதிகாரம் யார் கையில் இருந்தது?

கேள்வி: மன்னராட்சியை ஒழித்த ரோமானியர் ஆண்டுதோறும் கான்சல் என்னும் தலைமை ஆட்சியாளர்கள் இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும், ஒருவரின் ஆணையை மற்றவர் தடுக்கலாம் என்றும் என் மகளின் பாடநூலில் படித்தேன். அப்படியானால் ஆட்சி எப்படி நடந்தது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: நாம் இன்று சட்டமியற்றுதல், நிர்வாகம், நீதி என்று அதிகாரத்தை வேலைவாரியாகப் பிரிக்கிறோம். ரோமானியரோ, பதவியில் இருப்பவரைத் தடுக்க இன்னொருவர் வேண்டும் என்பதையே முதன்மையாகக் கருதினார்கள். கி.மு. 509இல் மன்னனைத் துரத்தியதாக மரபு கூறுகிறது. அவனிடமிருந்த படைத்தலைமையைக் கான்சல்களிடம் கொடுத்தவர்கள், ஆள் இருவர், காலம் ஓராண்டு என்று வரம்பு கட்டினார்கள். இருவரும் ஒரே போர்க்களத்தில் இருந்தால் நாளுக்கொருவராக முறைவைத்துத் தலைமை ஏற்பதும் உண்டு.

ஆனாலும் ஆட்சியின் கடிவாளம் செனட்டிடம் இருந்தது என்பதே என் கருத்து. ஏறத்தாழ 300 பேர் கொண்ட அந்த அவையால் சட்டம் இயற்ற முடியாது, ஆலோசனைதான் கூறலாம். எனினும் கருவூலமும் வெளிநாட்டுத் தூதும் அதன் பொறுப்பில் இருந்தன. ஓராண்டு முடிந்ததும் அதே அவையில் வாழ்நாள் முழுவதும் அமரப்போகிற கான்சல், அதன் சொல்லைத் தட்ட எளிதில் துணியமாட்டார்.

எளிய மக்களுக்குக் கிடைத்த காவல் டிரிபியூன் பதவி. கி.மு. 494இல் அவர்கள் நகரைவிட்டு வெளியேறிக் குன்றில் தங்கிப் போராடிப் பெற்றது அது. பிற்காலத்தில் டிரிபியூன்கள் பதின்மர் ஆயினர். அவர்களில் ஒருவர் ‘தடுக்கிறேன்’ என்றாலே கான்சலின் ஆணையும் நின்றுவிடும். அவர்மீது கைவைப்பது தெய்வக் குற்றம்.

கான்சல்களைத் தேர்ந்தெடுத்த பேரவையில்தான் ஏழைகளுக்குப் பெரிய அநீதி நடந்தது. தொடக்க கால அமைப்பில் 193 வாக்குக் குழுக்கள் இருந்தன. குதிரைவீரர்களுக்கு 18, முதல் செல்வ வகுப்புக்கு 80. இந்த 98 குழுக்களும் ஒத்துப்போனால் பெரும்பான்மை கிடைத்துவிடும். எஞ்சியோரை வாக்களிக்க அழைப்பதே இல்லை. சொத்தில்லாதவர் அனைவரும் ஒரே குழுவாகக் கடைசியில் காத்திருந்தார்கள்.

காஞ்சிபுரம் வழியாக உத்திரமேரூர் சென்றால், நிலமுடையோரை மட்டும் தகுதியாக்கி ஓராண்டுப் பதவி வகுத்த குடவோலைக் கல்வெட்டைக் காணலாம். அங்கே குடத்திலிருந்து ஓலை எடுத்தார்கள். ரோமில் ஆதரவு தேடி வென்றார்கள். மகளுடன் ஒருமுறை போய்வாருங்கள்.

கேள்வி: இவ்வளவு தடைகள் இருந்தும் குடியரசு ஏன் குலைந்தது?
– வாசகர், ஆரணி

பதில்: கி.மு. 133இல் டிபெரியஸ் கிராக்கஸ் என்ற டிரிபியூன், பொதுநிலத்தை ஏழைகளுக்குப் பங்கிட முனைந்தபோது, உடன் டிரிபியூனான ஆக்டேவியஸ் தடுத்தார். கிராக்கஸ் மக்களின் வாக்கைக் கொண்டே அவரைப் பதவிநீக்கினார். அதே ஆண்டில் செனட்டர்களும் அவர்களின் ஆட்களும் கிராக்கஸை அடித்துக் கொன்றார்கள். தொடக்கூடாதவரைத் தொட்டபின் தடுப்பதிகாரத்துக்கு என்ன மதிப்பு? பின்னர் வீரர்கள் நிலத்துக்கும் பரிசுக்கும் குடியரசை விட்டுத் தளபதியின் முகத்தையே பார்க்கத் தொடங்கினார்கள். நெருக்கடியில் ஆறு மாதத்துக்கு மட்டும் வழங்கப்பட்டுவந்த சர்வாதிகாரப் பதவியை, கி.மு. 82இல் தளபதி சுல்லா கால வரம்பின்றிப் பெற்றார், கி.மு. 44இல் சீசர் அதையே ஆயுட்காலப் பதவியாக ஏற்றார்.