அயர்லாந்தின் கெர்ரி மாவட்ட அணிக்கு ஆடிய கேலிக் கால்பந்து வீரர் கொலம் கூப்பரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பந்தைக் கையாலும் பிடிக்கக்கூடிய அயர்லாந்து ஆட்டம் கேலிக் கால்பந்து. கூப்பர் ஆடிய காலத்தில், பந்து கோல் கம்பத்தின் குறுக்குக்கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் 3. கூப்பருக்கு இரண்டும் கைவந்த கலை. 2004 அகில அயர்லாந்து இறுதிப்போட்டியில் மேயோ மாவட்ட அணிக்கு எதிராக அவர் அடித்த கோலைப் பாருங்கள்: உயரத்தில் வந்த பந்தைப் பிடித்து, தடுப்பாளரை ஏமாற்றி விலகி, இடது காலால் தாழ்வாக உள்ளே தள்ளினார். மெலிந்த உடம்புதான், பலமெல்லாம் நிதானத்தில்.

2004, 2006, 2007, 2009 என அகில அயர்லாந்துக் கோப்பைகள். ஆண்டின் சிறந்த வீரர்களுக்கான ஆல் ஸ்டார் விருது மட்டும் 8. சம்பளம்? கிடையாது. இது அமெச்சூர் ஆட்டம், அவர் வங்கியில் வேலை பார்த்தார்.

2014 பிப்ரவரியில் முழங்கால் தசைநார் அறுந்ததால் கெர்ரி வென்ற அந்தக் கோடையில் களமிறங்கவில்லை. மீண்டு வந்து, 2017 மார்ச்சில் சொந்த கிளப்பான டாக்டர் குரோக்ஸுக்காக அகில அயர்லாந்து கிளப் இறுதிப்போட்டியில் கோல் அடித்து வென்றார். அடுத்த மாதமே கெர்ரி அணியிலிருந்து ஓய்வு.